வலிக்காத கட்டி



இந்த மாதப் பாடம் நம் உடம்பைப் பற்றியது. குழுக் கூட்டத்தில் ஒருவர் சத்தமாகப் படிக்க, மற்றவர்கள் கேளுங்கள். திண்ணையில் ஆண்கள் யாராவது உட்கார்ந்திருந்தால் கொஞ்சம் தள்ளிப் போகச் சொல்லிவிட்டுப் படியுங்கள். இதில் ஒளிக்க ஒன்றும் இல்லை. ஆனால் அவர்கள் இருந்தால் நீங்கள் வாய் திறந்து கேள்வி கேட்க மாட்டீர்கள் என்பது எங்களுக்குத் தெரியும்.

இது நம் கூட்டமைப்பில் உள்ள ஓர் உறுப்பினருக்கு நடந்தது. பெயரும் ஊரும் போட வேண்டாம் என்று கேட்டுக் கொண்டார். "பொண்ணுக்கு மாப்பிள்ளை பாத்துக்கிட்டு இருக்கோம் மேடம். பேரைப் போட்டா நாளைக்கு அந்த இடத்துல ஒரு பேச்சு வரும்" என்றார். ஆகவே அக்கா என்றே எழுதுகிறோம். 2022-ல் அவருக்கு வயது 46. பதினோரு வருடமாகக் குழுவில் இருக்கிறார். ஒரு தவணை கூடத் தவறியதில்லை. ஒரு கறவை மாடு, முக்கால் ஏக்கர் மானாவாரி நிலம், சீசனில் கடலை பிடுங்கப் போவது, இதுதான் வருமானம். மூன்று பிள்ளைகள். மூன்று பேருக்கும் ஒன்றரை வயது வரை தாய்ப்பால் கொடுத்தவர்.

முகாம் நாள்

2022 ஜூலையில் ஆரம்ப சுகாதார நிலையத்தோடு சேர்ந்து ஊராட்சி சமுதாயக் கூடத்தில் ஒரு முகாம் நடத்தினோம். சர்க்கரை, பி.பி., கருப்பை வாய், மார்பகம் எல்லாம் பார்க்கிற முகாம். இது எங்கள் முகாமில் மட்டும் நடப்பது என்று நினைக்க வேண்டாம். 30 வயது தாண்டிய எந்தப் பெண்ணும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் இந்தப் பரிசோதனைகளைக் காசில்லாமல் செய்துகொள்ளலாம். முகாம் வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

அக்கா சர்க்கரை பார்க்கத்தான் வந்தார். விரலில் குத்தி இரத்தம் எடுத்ததும் புறப்பட்டுவிட்டார். மறைப்புக்குள் போகச் சொன்னபோது, "எனக்கு ஒண்ணும் இல்ல. மாட்டுக்குத் தண்ணி காட்டணும்" என்றார். பிரதிநிதிதான் கையைப் பிடித்து உள்ளே அனுப்பினார்.

உள்ளே நடந்தது ஐந்து நிமிடம் கூட இல்லை. மறைப்பு என்பது நாலு புடவையைக் கயிற்றில் போட்டுக் கட்டியதுதான். உள்ளே ஒரு நர்ஸம்மா மட்டும். ஆண்கள் யாரும் கிடையாது. முதலில் கையை இடுப்பில் வைக்கச் சொல்லிப் பார்த்தார், பிறகு தலைக்கு மேல் தூக்கச் சொல்லிப் பார்த்தார். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறதா, தோல் எங்காவது உள்ளே இழுத்திருக்கிறதா, காம்பு திரும்பியிருக்கிறதா என்று கண்ணால் பார்ப்பது இது. அப்புறம் படுக்க வைத்து, நடு மூன்று விரல்களின் சதைப்பகுதியால் சின்னச் சின்ன வட்டமாக அழுத்திக்கொண்டே போனார். கழுத்து எலும்பிலிருந்து மார்பின் அடி வரைக்கும், பிறகு அக்குளுக்குள்ளும். இடது பக்கம், அக்குளை ஒட்டிய மேல் பகுதியில் விரல் நின்றது.

"இது எத்தனை நாளா இருக்கு?"

"அதுவா? பங்குனியிலேயே குளிக்கும்போது கையில தட்டுப்பட்டுச்சு. கோலிக்குண்டு மாதிரி இருந்துச்சு. வலிக்கல. அதான் விட்டுட்டேன்."

நர்ஸம்மா ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்க் காட்டச் சொல்லும் சீட்டு. "பயப்படாதீங்க, ஆனா போகாம இருந்துடாதீங்க" என்று இரண்டு தடவை சொன்னதாக அக்கா பின்னால் எங்களிடம் சொன்னார்.

இங்கே கொஞ்சம் நிறுத்தி ஒன்றைப் புரிந்துகொள்வோம். நம் ஊர்களில் வலி இருந்தால்தான் அது நோய். கை வலித்தால் தைலம், வயிறு வலித்தால் ஓமத் தண்ணீர். வலிக்காததை யாரும் நோய் என்று எண்ணுவதில்லை. மார்பு விஷயத்தில் இந்தக் கணக்கு தப்பாகிவிடுகிறது. பால் கட்டினால் வலிக்கும். சீழ் பிடித்தால் வலித்துக் காய்ச்சலும் வரும். மாதவிலக்குக்கு முந்திய சில நாட்கள் பலருக்கு இரண்டு பக்கமும் கனத்து வலிக்கும். புற்றுநோய்க் கட்டியோ ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிப்பதே இல்லை. வலி வரும் வரை காத்திருந்தால் அது எவ்வளவோ தூரம் போயிருக்கும். வலிக்கிற கட்டியைக் காட்ட வேண்டாம் என்று சொல்லவில்லை, அதையும் காட்ட வேண்டும். வலிக்கவில்லை என்பதை மட்டும் ஒரு காரணமாக வைத்துக்கொண்டு வீட்டில் இருந்துவிடக் கூடாது என்கிறோம்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் இதைப் படித்துவிட்டு நாலு பேர் தூங்காமல் கிடப்பீர்கள். மார்பில் கையில் தட்டுப்படும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. நீர்க்கட்டியாக இருக்கும், அல்லது சாதாரண நார்க்கட்டியாக இருக்கும். அந்த முகாமில் மார்பகத்துக்காக ஐந்து பேருக்குச் சீட்டு கொடுத்தார்கள். மற்ற நாலு பேருக்கும் பயப்பட ஒன்றுமில்லை என்றுதான் முடிந்தது. ஆனால் எது எது என்று விரலால் தொட்டுச் சொல்ல யாராலும் முடியாது, டாக்டராலும் முடியாது. அதற்குத்தான் சீட்டு.

ஒன்பது வாரம்

அந்தச் சீட்டு என்ன ஆயிற்று? அக்கா அதை மடித்துக் குழுப் பாஸ்புக் போட்டு வைக்கும் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தார். குழு வாராவாரம் வியாழக்கிழமை கூடுகிறது. ஒன்பது வியாழக்கிழமை அந்த உறையை எடுத்து வந்தார், சேமிப்பைக் கட்டினார், பாஸ்புக்கில் வரவு வைத்துக்கொண்டார், எடுத்துக்கொண்டு போனார். சீட்டு உள்ளேயே இருந்தது. அந்த ஒன்பது கூட்டங்களில் மூன்றில் நாங்களும் இருந்தோம்.

முகாம் முடிந்ததும் நாங்கள் அறிக்கை எழுதினோம். எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேருக்கு மார்பகப் பரிசோதனை நடந்தது, எல்லாம் சரியாக எழுதிப் புகைப்படத்தோடு அனுப்பினோம். சீட்டு வாங்கியவர்கள் போனார்களா என்பதற்கு அந்தப் படிவத்தில் கட்டமே கிடையாது. கட்டம் இல்லாததால் நாங்களும் கேட்கவில்லை. செப்டம்பர் மாதம் வேறு வேலையாகச் சுகாதார நிலையத்துக்குப் போனபோது நர்ஸம்மா கேட்டார்: "அந்த அஞ்சு பேரும் போனாங்களா?" எங்களிடம் பதில் இல்லை. விசாரித்ததில் இரண்டு பேர்தான் போயிருந்தார்கள். சமூகப்பணி படித்துவிட்டு வந்து ஊர் ஊராக விழிப்புணர்வு பேசுகிற எங்களுக்கு அன்றைக்கு மிகவும் அவமானமாக இருந்தது.

அக்காவிடம் போய் உட்கார்ந்து கேட்டோம். ஒரு காரணம் அல்ல, அடுக்கடுக்காக வந்தது. கடலை பிடுங்குகிற சமயம், ஒரு நாள் போனால் கூலி போச்சு. மாடு ஈனும் தறுவாயில் இருந்தது. ஆம்பளை டாக்டர் பார்ப்பாரோ என்ற கூச்சம். மாமியார் சொன்னது, "கத்தி பட்டா, ஊசி பட்டா பரவிடும்." ஓரகத்தி சொன்னது, "மூணு புள்ளைக்குப் பால் குடுத்தவளுக்கு அதெல்லாம் வராது." எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டுக் கடைசியாக மெதுவாகச் சொன்னார்: "போனா அதுதான்னு சொல்லிடுவாங்க. போகாத வரைக்கும் அது இல்ல."

இந்தக் கடைசிக் காரணத்துக்கு எங்களிடம் பதில் இல்லை. மற்றவற்றுக்கு உண்டு. தாய்ப்பால் கொடுப்பது இந்த நோய் வரும் வாய்ப்பைக் குறைக்கும் என்பது உண்மை. குறைக்கும், அவ்வளவுதான். வராது என்ற உத்தரவாதம் இல்லை. குடும்பத்தில் யாருக்கும் இல்லை என்பதும் உத்தரவாதம் இல்லை, இந்த நோய் வருகிற பெண்களில் பெரும்பாலோருக்கு அம்மாவுக்கோ பாட்டிக்கோ வந்திருப்பதில்லை. ஊசி குத்திப் பார்த்தால் பரவும் என்பது தவறு. ஊசி குத்தாமல் இது இன்ன நோய் என்று முடிவு செய்ய முடியாது, முடிவு செய்யாமல் வைத்தியம் தொடங்க முடியாது. டாக்டர் ஆணாக இருந்தால் கூட ஒரு பெண் நர்ஸ் நிற்க வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். அது உங்கள் உரிமை, யாரும் கோபித்துக்கொள்ள முடியாது.

படம், ஊசி, ரிப்போர்ட்

செப்டம்பர் கடைசியில் பிரதிநிதியும் நாங்களும் கூடவே போனோம். முதல் நாள் வரிசை, சீட்டு பதிவு, டாக்டர் பார்த்தது, அதோடு முடிந்தது. மேமோகிராமுக்கு வேறொரு நாள் கொடுத்தார்கள்.

மேமோகிராம் என்பது மார்புக்கான எக்ஸ்ரே. நின்றுகொண்டே எடுப்பது. ஒரு தட்டின் மேல் மார்பை வைத்து, மேலிருந்து இன்னொரு தட்டு வந்து அழுத்தும். ஒவ்வொரு பக்கத்துக்கும் இரண்டு படம். அழுத்தும்போது சில நொடி வலிக்கும். "தோசைத் திருப்பியில அமுக்கின மாதிரி இருந்துச்சு, ஆனா கத்துறதுக்குள்ள முடிஞ்சிடுச்சு" என்றார் அக்கா. அன்றைக்குப் பவுடர் போட்டுக்கொண்டு போகக் கூடாது, அது படத்தில் புள்ளியாக விழும். இளம் வயதுப் பெண்களுக்கு மார்பில் சதை இறுக்கமாக இருப்பதால் படம் தெளிவாக விழாது, அவர்களுக்குப் பெரும்பாலும் ஸ்கேன்தான் முதலில் எடுப்பார்கள். அக்காவுக்கு இரண்டும் எடுத்தார்கள்.

ரிப்போர்ட்டின் அடியில் பைராட்ஸ் என்று போட்டு ஓர் எண் இருக்கும். அதைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள், பிள்ளைகளிடம் கொடுத்தாவது பார்க்கச் சொல்லுங்கள். 1, 2 என்றால் கவலை இல்லை. 3 என்றால் அநேகமாகச் சாதாரணமானது, ஆறு மாதத்தில் திரும்பவும் பார்க்க வேண்டும். 4 அல்லது 5 என்றால் ஊசிப் பரிசோதனை செய்தாக வேண்டும். 0 என்றால் பயப்படாதீர்கள், இந்தப் படம் போதாது, இன்னொரு படம் வேண்டும் என்று அர்த்தம். அக்காவுக்கு 5.

ஊசிப் பரிசோதனைக்கு மரத்துப் போக முதலில் ஓர் ஊசி போட்டார்கள். பிறகு கொஞ்சம் தடித்த ஊசியால் டக், டக் என்று சத்தத்தோடு நூல் போன்ற சதைத் துணுக்குகளை எடுத்தார்கள். அன்றைக்கே வீடு. முடிவு வர பத்துப் பன்னிரண்டு நாள். இந்தப் பன்னிரண்டு நாள்தான் எல்லாவற்றையும் விடக் கொடுமை என்று அக்கா இன்றைக்கும் சொல்கிறார்.

முடிவு வந்தது அக்டோபர் 19. தீபாவளிக்கு ஐந்து நாள் இருந்தது. அன்றைக்கு மகன் கூடப் போயிருந்தான். டாக்டர் அக்காவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு மகனைக் கூப்பிட்டுப் பேசினார். இருபத்திரண்டு வயதுப் பையன். வெளியே வந்தவன் அம்மா முகத்தைப் பார்க்காமல் செருப்பைத் தேடினானாம். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னான், அப்பா அண்ணனிடம் சொன்னார். இரவுக்குள் பங்காளி வீடு வரை தெரிந்துவிட்டது. அக்காவிடம் மட்டும் "பண்டிகை முடியட்டும், சின்னக் கட்டி, எடுத்துடலாம்" என்றார்கள்.

"எனக்கு வந்த வியாதி எனக்குத்தான் கடைசியா தெரிஞ்சுது. சுட்ட முறுக்கை எடுத்துக்கிட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரி கண்ணைத் துடைச்சுக்கிட்டுப் போறா. அப்பதான் புரிஞ்சுது."

அன்பினால் மறைக்கிறார்கள், சரி. ஆனால் அறுவை சிகிச்சைக்குச் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டியது அக்காதான். உடம்பு அவருடையது. ஆகவே உங்களுக்கு ஒரு பரிசோதனை நடந்தால், முடிவு கேட்கப் போகும் அன்று டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: "என்ன இருந்தாலும் எங்கிட்ட சொல்லுங்க, எம் பையனும் கூட இருக்கட்டும்." கொஞ்சம் தைரியம் வேண்டும். வங்கி மேலாளர் முன்னால் நின்று கடன் கேட்டுப் பேசிய உங்களுக்கு அது இருக்கிறது.

குழுவில் நடந்த சண்டை

தீபாவளி முடிந்த வியாழக்கிழமை அக்கா உள்கடன் கேட்டார், 10,000 ரூபாய். இதை மறைத்து எழுதினால் பாடத்துக்குப் பொருள் இல்லை, ஆகவே நடந்தபடி எழுதுகிறோம். இரண்டு பேர் கொடுக்கக் கூடாது என்றார்கள். "திரும்பக் கட்ட இருப்பாளோ இல்லையோ" என்று ஒருவர் அக்கா முன்னாலேயே சொல்லிவிட்டார். அக்கா ஒன்றும் பேசவில்லை, எழுந்து போய் வெளியே நின்றார்.

கேட்ட விதம் கொடுமைதான். ஆனால் அந்தக் கேள்வியே தவறு என்று நாங்கள் நினைக்கவில்லை. குழுப் பணம் பன்னிரண்டு பேருடைய பணம், அதைக் கேட்க வேண்டியதுதான். அதற்குப் பதிலும் இருந்தது. அரசு மருத்துவமனையில் அறுவை சிகிச்சைக்கும் மருந்துக்கும் பணம் இல்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு, புற்றுநோயும் அதில் வரும். கடன் எதற்கென்றால் பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் கூட வருகிறவர் செலவுக்கும், கூலி போகிற நாட்களில் வீட்டு அரிசிக்கும்தான். ஊக்குநர் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார். பத்துப் பேர் கையெழுத்துப் போட்டார்கள், தீர்மானம் நிறைவேறியது. எதிர்த்த இருவரில் ஒருவர்தான் பிறகு இரண்டு முறை கூடப் போய் மருத்துவமனைத் திண்ணையில் படுத்திருந்தார். கடன் 2024 பொங்கலுக்குள் அசல் வட்டியோடு அடைந்துவிட்டது.

காப்பீட்டு அட்டையில்தான் இழுபறி. அக்கா குடும்பத்தின் பெயர் மாமியாருடைய பழைய அட்டையில் இருந்தது, தனிக் குடும்பம் ஆன பிறகு மாற்றவே இல்லை. வி.ஏ.ஓ.விடம் மனு, வருமானச் சான்று, ஆட்சியர் அலுவலகத்தில் காப்பீட்டு மையம் என்று அலைந்தது பதினோரு நாள். நோய் வந்த பிறகு அலைவதை விட இப்போதே எடுத்து வையுங்கள். இன்றைக்குக் கூட்டம் முடிந்ததும் யாரிடம் அட்டை இருக்கிறது, அதில் யார் யார் பெயர் இருக்கிறது என்று எடுத்துப் பாருங்கள்.

வைத்தியம்

நோய் இரண்டாம் நிலையில் இருந்தது. டாக்டர் இரண்டு வழி சொன்னார். கட்டியையும் சுற்றிக் கொஞ்சமும் எடுத்துவிட்டு, பிறகு கதிர்வீச்சு கொடுப்பது ஒன்று. நம் பக்கத்தில் கரண்ட் வைப்பது என்கிறார்களே, அதுதான். மார்பை முழுக்க எடுப்பது இன்னொன்று. தகுந்தவர்களுக்கு இரண்டிலும் உயிர் பிழைக்கும் வாய்ப்பு ஒன்றுதான் என்று பல ஆண்டு ஆராய்ச்சியில் நிரூபித்திருக்கிறார்கள். அக்கா முழுக்க எடுக்கச் சொன்னார். "வாரக்கணக்கா கரண்டுக்கு யாரு அலையறது?" என்பது அவர் கணக்கு. 2022 நவம்பரில் அறுவை நடந்தது. அக்குளில் எடுத்த நெறிகளில் இரண்டில் நோய் இருந்ததால் கடைசியில் கரண்டும் வைக்க வேண்டி வந்தது. முன்கூட்டி யாருக்குத் தெரியும்?

கீமோ மூன்று வாரத்துக்கு ஒன்றாக எட்டு. முதல் ஊசி போட்டு மூன்றாவது வாரம் முடி கொத்தாக வந்தது. அக்கா தானே கத்தரியால் ஒட்ட வெட்டிக்கொண்டு, மகளின் துப்பட்டாவைத் தலையில் சுற்றிக்கொண்டு கூட்டத்துக்கு வந்தார். அன்றைக்கு அவர் குடித்த டம்ளரை ஒரு பெண் இரண்டு விரலால் தூக்கித் தனியாக வைத்ததை நாங்கள் பார்த்தோம். அக்காவும் பார்த்தார். புற்றுநோய் ஒட்டுவாரொட்டி அல்ல. ஒரே தட்டில் சாப்பிடலாம், ஒரே பாயில் படுக்கலாம், பேரப்பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சலாம். கீமோ நாட்களில் உண்மையில் ஆபத்து வேறு பக்கம். நமக்கு இருக்கிற சளியும் காய்ச்சலும்தான் அவரை ஒட்டிக்கொள்ளும். அந்த நாட்களில் காய்ச்சல் வந்தால் மாத்திரை போட்டுப் பார்ப்போம் என்று இராமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கீமோ முடிந்து பதினைந்து நாள் கதிர்வீச்சு. வாரத்தில் ஐந்து நாள். படுத்திருப்பது சில நிமிடம்தான், போய் வருவதற்குத்தான் நாள் முழுக்கப் போய்விடும். இதற்காக மகன் மருத்துவமனை பக்கத்தில் தங்க ஒரு இடம் பார்த்தான். இரயிலில் போகிறவர்களுக்கு ஒரு தகவல்: சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கும் கூட ஒருவருக்கும் இரயில் கட்டணச் சலுகை உண்டு. மருத்துவமனையில் அதற்கான படிவத்தில் எழுதி வாங்க வேண்டும்.

2023 ஆகஸ்டிலிருந்து தினம் ஒரு மாத்திரை, 2028 வரை. எல்லா நோயாளிக்கும் இது கிடையாது. சதைத் துணுக்கை மேலும் சோதித்துப் பார்த்து, யாருக்குப் பலன் தருமோ அவர்களுக்கு மட்டும் கொடுப்பார்கள். மாத்திரையால் திடீர் திடீரென்று உடம்பு கொதித்து வேர்க்கிறது. "நல்லாத்தானே இருக்கேன்" என்று அக்கா இரண்டு மாதம் நிறுத்தப் பார்த்தார். நர்ஸம்மா விடவில்லை.

நெறி எடுத்த பக்கத்துக் கை வீங்கலாம். அந்தக் கையில் ஊசி போடுவது, பி.பி. பார்ப்பது வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அரிவாள் பட்டால், முள் குத்தினால் உடனே கழுவி மருந்து போட வேண்டும். தோள் பிடித்துக்கொள்ளாமல் இருக்கச் சுவரில் விரலால் மெல்ல மெல்ல ஏறும் பயிற்சி உண்டு. அக்கா தினமும் விரல் எட்டிய இடத்தில் அடுப்புக்கரியால் கோடு போட்டு வைத்தார். மாட்டுக் கொட்டகைச் சுவரில் அந்தக் கோடுகள் இன்னும் இருக்கின்றன. மூன்று மாதத்தில் இரண்டு கையாலும் பால் கறந்தார்.

ஒருமுறை டாக்டரிடம் அக்கா நேராகவே கேட்டார்: "ஜூலையிலேயே வந்திருந்தா அந்த ரெண்டு நெறி தப்பிச்சிருக்குமா?" டாக்டர் சொல்ல முடியாது என்றார். பங்குனியில் தட்டுப்பட்டபோதே வந்திருந்தால்? அதற்கும் அதே பதில். அக்கா அதற்குப் பிறகு கேட்கவில்லை. நாங்கள்தான் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

நர்ஸின் விரலுக்கு அவ்வளவு சக்தி உண்டா?

இப்படிக் குழுக்களில் எங்களைக் கேட்டிருக்கிறார்கள். மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை 1998-ல் ஆரம்பித்து இருபது வருடம் இதைச் சோதித்துப் பார்த்தது. குடிசைப் பகுதிகளில் இருந்த சுமார் ஒன்றரை லட்சம் பெண்களில் ஒரு பாதியினருக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கையால் பரிசோதனை செய்தார்கள். செய்தவர்கள் டாக்டர்கள் அல்ல, பயிற்சி தரப்பட்ட சுகாதாரப் பணிப் பெண்கள். 2021-ல் முடிவு வெளிவந்தது. பரிசோதனை செய்துகொண்ட பெண்களிடம் நோய் முன்னதாகவே பிடிபட்டது. 50 வயதுக்கு மேற்பட்டவர்களில் இந்த நோயால் ஏற்படும் மரணம் கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைந்தது. 50-க்குக் கீழே மரணம் அப்படிக் குறையவில்லை, அதையும் சொல்லிவிடுகிறோம். விலை உயர்ந்த இயந்திரம் இல்லாமல் விரலாலேயே இது நடந்தது என்பது நம்மைப் போன்ற ஊர்களுக்கு முக்கியமான செய்தி. 2022-ல் மட்டும் நம் நாட்டில் சுமார் 1,92,000 பெண்களுக்குப் புதிதாக மார்பகப் புற்றுநோய் வந்ததாகவும், சுமார் 98,000 பேர் இறந்ததாகவும் உலக அளவிலான கணக்கு சொல்கிறது. இவ்வளவு பேர் இறப்பதற்கு ஒரு பெரிய காரணம், முற்றிய பிறகு வருவது.

நாமே கையால் பார்த்துக்கொள்வது நர்ஸ் பரிசோதனைக்கு மாற்று ஆகாது. ஆனால் நம் உடம்பு எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். கட்டி மட்டும் அல்ல, தோல் சாத்துக்குடித் தோல் போலக் குழி குழியாவது, காம்பு புதிதாக உள்ளே இழுப்பது, காம்பிலிருந்து இரத்தம் கசிவது, ஆறாத புண், அக்குளில் வீக்கம், இவற்றில் எது வந்தாலும் முகாமுக்குக் காத்திராமல் போய்விடுங்கள்.

சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1954-ல் 12 படுக்கையோடு அதை ஆரம்பித்தார். அதற்குப் பின்னால் நின்றது ஒரு மாதர் சங்கம், நம்மைப் போலவே கூடிப் பேசிப் பணம் திரட்டிய பெண்கள். இது எங்களுக்கே சமீபத்தில்தான் தெரிந்தது.

இப்போது எங்கள் பகுதிக் குழுக்களில் ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். முகாம் நடந்தால், சீட்டு வாங்கியவர் இருக்கும் குழுவில் அடுத்த கூட்டத்திலேயே கடன் வசூலுக்கு முன்னால் பிரதிநிதி கேட்க வேண்டும்: "சீட்டு எங்க இருக்கு?" நோயின் பெயரைச் சொல்லத் தேவையில்லை, தீர்மானப் புத்தகத்தில் எழுதவும் கூடாது. போய்விட்டு வந்தாரா, கூட யார் போவது, அவ்வளவு மட்டும். எங்கள் அறிக்கைப் படிவத்திலும் பேனாவால் ஒரு கட்டம் போட்டுக்கொண்டோம்.

அக்கா இப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குப் போய் வருகிறார். மற்றப் பக்கத்துக்கு வருடம் ஒரு மேமோகிராம். அச்சுக்குக் கொடுக்கும் முன் இதை அவரிடம் முழுவதும் படித்துக் காட்டினோம். டம்ளர் விஷயத்தில் அந்தப் பெண்ணின் பெயரைப் போடாததற்கு நன்றி சொன்னார், இப்போது அவர்கள் பேசிக்கொள்கிறார்களாம். பிறகு, "முக்கியமான ஒண்ணை விட்டுட்டீங்களே" என்றார்.

"ஆபரேஷனுக்குப் போறவங்க முன்னால ஜிப் வெச்ச நைட்டி ரெண்டு வாங்கி எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லுங்க. நான் தலை வழியா போடறதை எடுத்துக்கிட்டுப் போயி, கையைத் தூக்க முடியாம அஞ்சு நாளு பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்."